பேசிப்போட்டு வந்தனான்

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மா எனக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில், பள்ளியை நடத்தும் மாலதி ஆன்ட்டி எழுதியிருந்ததை நான்தான் அம்மாவின் போனில் முதலில் பார்த்தேன். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தின் படிகளில் ஏறும்போது ரத்தினம் அங்கிளுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. படம் போட்டவர்களில் பலர், கடந்த எட்டு மாதங்களாக அவரை இந்தியன் ஸ்டோர் வாசலில் பார்த்தால் அவர் போகும்வரை காரை விட்டு இறங்காதவர்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அடுப்பை அணைத்தார். அப்பா லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை.

"அவருக்குன்னு இங்க யாரு இருக்கா? கேட்டுப் பாரு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, கேக்காத. நமக்கு எதுக்கு?" என்றார்.

நினைவுக் கூட்டத்துக்கு ஒரு சிறு மலர் போடுகிறோம், அங்கிள் காரில் நாலு வருஷம் போய் வந்தவள் நீதான், நீ ஒரு பக்கம் எழுது என்று மாலதி ஆன்ட்டி என்னிடம் கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, லேப்டாப்பைத் திறக்காமல், தமிழ்ப் பள்ளி நோட்டில் எழுதுகிறேன். மாடிப்படி கிரீச்சிடும்போதெல்லாம் நோட்டை மூடிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: ரத்தினம் அங்கிளின் முழுப்பெயர் குணரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அகதியாக சுவிட்சர்லாந்து போனார். அந்த நாட்டின் குடிமகனாகி, அதன் வர்த்தகத் துறையில் சேர்ந்து, பல நாடுகளில் அதன் சார்பாகப் பேச்சுவார்த்தை மேசைகளில் உட்கார்ந்தவர். கடைசியாக நியூயார்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மனைவி இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தார். அவர் இறந்த பிறகும் அங்கிள் ஊர் திரும்பவில்லை. "ரிட்டயர் ஆன ஆளு, சுவிஸ் பாஸ்போர்ட், பொண்டாட்டியும் இல்ல. இங்க உக்காந்து என்ன பண்றாரு?" என்று அப்பா கேட்பார். எங்கள் தெருவில் பலரும் கேட்டார்கள். யாரும் அவரிடம் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் என்னையும் பக்கத்து வீட்டு இரட்டையர்களையும் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போவது அவர்தான். காரில் ஏறியதும், "என்ன பிள்ளையள், கதைப்பமோ?" என்பார். இரட்டையர்கள் பின்சீட்டில் சிரிப்பார்கள். எங்கள் வீடுகளில் கதை என்றால் ஸ்டோரி. கதை விடுகிறார் என்றால் பொய் சொல்கிறார். அவருக்குக் கதைப்பது என்றால் வெறுமனே பேசுவது. இரட்டையர்களில் மூத்தவன் ஒருநாள், "அங்கிள், ஆர் யூ கோயிங் டு லை டு அஸ் டுடே?" என்று கேட்டான். அவருக்குக் கோபம் வரவில்லை. "முப்பது வருசம் எல்லாரும் என்னை அதைத்தான் கேட்டவை. நீ மட்டும்தான் முகத்துக்கு நேரே கேட்டனி," என்றார்.

அவர் சொன்ன முதல் கதை ஒரு ஹோட்டல் சமையலறையைப் பற்றியது. பெர்ன் நகரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். மேல்மாடியில் இரண்டு நாடுகளுக்கு இடையே வர்த்தகப் பேச்சு நடக்கும். மதியம் தட்டுகள் கீழே வரும். எந்த மேசையின் இனிப்பு தொடப்படாமல் திரும்பி வருகிறதோ அந்தப் பக்கம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தாராம். "எனக்கு அப்ப அந்த மொழி ஒண்டும் தெரியாது. தட்டைத்தான் வாசிச்சனான்," என்றார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பாத்திரம் கழுவற இடத்துலயே வேவு பாத்திருக்காரு, பாத்தியா," என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதெல்லாம், அவர் யார் தட்டைப் பார்க்கிறார் என்று நான் பார்த்தேன். எல்லோர் தட்டையும்தான் பார்த்தார்.

இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே அறையில் உட்கார மறுத்த இரண்டு நாடுகள். பெயர் எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. ஒரு குழு ஹோட்டலின் மூன்றாம் மாடியில், இன்னொரு குழு ஐந்தாம் மாடியில். நடுநிலை நாட்டுக்காரரான இவர் காகிதத்தை மேலும் கீழும் கொண்டுபோக வேண்டும். லிஃப்ட் இருந்தது. இவர் ஒருமுறைகூட அதில் ஏறவில்லையாம்.

"ஏன் அங்கிள்?"

"லிஃப்ட் நாலாம் மாடியிலை நிண்டா, அங்கை ஆரோடை கதைச்சவன் எண்டு ரெண்டு பக்கமும் யோசிப்பினம். படியாலை போனா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கிறவனை ஆக்கள் கொஞ்சம் நம்புவினம்."

"நீங்க அந்தப் பேப்பரைப் படிப்பீங்களா?"

"படிக்காமல் கொண்டு போறவன் முட்டாள். படிச்சனான் எண்டு சொல்லுறவன் அதைவிட முட்டாள்."

அப்படிச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அவர் தூதராக ஆகவே இல்லை. எல்லா ஊரிலும் வர்த்தகப் பிரிவில் இரண்டாவது ஆளாகவே இருந்தார். இலங்கை சம்பந்தமான எந்தக் கோப்பையும் அவரிடம் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. தமிழர் கூட்டங்களில் அவரை அரசாங்கத்து ஆள் என்றார்கள். அலுவலகத்தில் தமிழ் ஆள் என்றார்கள். "நடுநிலை எண்டா நடுவீட்டிலை இருக்கிறது எண்டு நினைக்கினம், பிள்ளை. அது ரெண்டு வீட்டுக்கும் வெளியிலை நிக்கிறது," என்றார். பேச்சுப் போட்டிக்கு நடுவராக வாருங்கள் என்று மாலதி ஆன்ட்டி கூப்பிட்டபோது மறுத்துவிட்டு, நேரம் பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாலதி ஆன்ட்டியின் மகன் உச்சக்கட்டத்தில் கையை உயர்த்தி நின்றபோது மணியை அடித்து உட்கார வைத்ததும் அவர்தான். அந்தப் பையன் இன்னும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

எல்லோருக்கும் அவர் மீது சந்தேகம் வந்ததற்கு முக்கியக் காரணம் அவருடைய குறிப்பு நோட்டு. சட்டைப்பையில் அடங்கும் சாம்பல் நிற நோட்டு. யாரோடு பேசினாலும், பேசி முடித்துக் காரில் ஏறியதும் இரண்டு வரி எழுதுவார். ஜெர்மன் மொழியில் எழுதுவார். சில சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார். அது எதற்கு என்று கேட்டேன். ஒப்பந்த வரைவுகளில் எல்லோரும் ஒத்துக்கொள்ளாத சொல்லை அழிக்கக் கூடாதாம், அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டுமாம். ஒரு ஒப்பந்தத்தில் 'மற்றும்' என்ற ஒற்றைச் சொல் பதினான்கு மாதங்கள் அடைப்புக்குறிக்குள் இருந்ததாம். "அது வெளியிலை வந்த அண்டைக்கு எல்லாரும் கை தட்டினவை. எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது. அதோடை பழகிப்போட்டன்," என்றார்.

இப்போது கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அம்மா இட்லி மாவும் மிளகாய்ப் பொடியும் முறுக்கும் செய்து தெரிந்தவர்களுக்கு விற்றுவந்தார். இதைப் படிக்கிற பலர் அந்த மாவில் இட்லி சாப்பிட்டிருப்பீர்கள். அம்மாவின் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. போன வசந்தத்தில் எங்கள் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டுச் சமையலறையில் உணவு தயாரித்து விற்பதாக ஒரு வலைப்பக்கத்தில் விளம்பரம் இருப்பது தெரியவந்திருக்கிறது, உரிமம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அப்பா அதை மூன்று முறை படித்தார். பிறகு சமையலறையில் இருந்த கிரைண்டரைப் போர்வையில் சுற்றி கராஜுக்குக் கொண்டுபோனார்.

"யாரோ போட்டுக் குடுத்திருக்கான்," என்றார். "இது மேல போச்சுன்னா ஃபைலே க்ளோஸ். மூணு பேரும் பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

அந்த வலைப்பக்கத்தைச் செய்தது நான். ஒன்பதாம் வகுப்பில் தொழில்முனைவோர் பாடத்துக்கு, உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு தொழிலுக்கு வலைத்தளம் உருவாக்குங்கள் என்றார்கள். அம்மாவின் மாவு டப்பாவைப் படம் எடுத்தேன். தெருப் பெயர் போட்டேன். எனக்கு ஏ பிளஸ் கிடைத்தது. அதை நீக்க மறந்துவிட்டேன். கடிதம் வந்த அன்றே நீக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை என்பது முழு உண்மை இல்லை. அந்தச் சனிக்கிழமை இரட்டையர்கள் வரவில்லை. காரில் நான் அழுதேன். கடிதம் வந்திருக்கிறது என்று மட்டும் அங்கிளிடம் சொன்னேன். வலைப்பக்கத்தைச் சொல்லவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்ரோல் போட வந்த ஆளிடம் கார்டைக் கொடுத்துவிட்டு, "தகப்பனுக்கு நான் அறிஞ்சது தெரிய வேண்டாம்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். சொன்ன சொற்கள் இவைதான்:

"தம்பி, டவுன்ஷிப் ஒபிசிலை நல்லாப் பேசிப்போட்டு வந்தனான். இனி ஒண்டும் வராது."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஓகே சார். தேங்க்ஸ்," என்று கதவைச் சாத்தினார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"கேட்டியா? அங்க போய் நல்லா பேசிட்டு வந்திருக்காராம். நமக்கு இனிமே ஒண்ணும் வராதாம். வாசல்லயே வந்து சொல்லிட்டுப் போறாரு."

"அவர் எதுக்குங்க நம்மளப் பத்தி..."

"லெட்டர் வந்தது இந்த வீட்ல மூணு பேருக்குத்தான் தெரியும். அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? சொல்லு."

அம்மாவால் சொல்ல முடியவில்லை. என்னால் முடியும். நான் சொல்லவில்லை. அப்பா அவரைச் சந்தேகிக்கும்வரை என் பக்கம் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதோடு, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றவர் அப்பாவிடமே ஏன் வந்து சொன்னார்? உண்மையிலேயே டவுன்ஷிப்பில் உட்கார்ந்து நன்றாகப் பேசியிருக்கிறார், எங்கள் பெயரைக் கொடுத்து எதையோ வாங்கியிருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"நாளைக்கு ஒரு நாள் அவர் கார்லயே போ," என்றார் அப்பா. "வாயத் தொறக்காத. அந்த நோட்டுல என்ன எழுதறாருன்னு பாத்துட்டு வா."

மறுநாள் அங்கிள் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குள் போனபோது நோட்டு காரிலேயே இருந்தது. எடுத்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தேன். ஸ்ரீதர் என்று அப்பாவின் பெயர் இருந்தது. டவுன்ஷிப் என்ற சொல் இருந்தது. மற்ற எல்லாம் ஜெர்மன். ஒரே ஒரு சொல் மட்டும் தமிழ் எழுத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்தது: [பிள்ளை]. அவர் என்னைக் கூப்பிடும் சொல் அது. வீட்டுக்கு வந்ததும் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு மீதியை அப்பாவிடம் காட்டினேன். போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியால் அந்தக் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. அப்பாவுக்கு அதில் தன் பெயர் இருந்ததே போதுமாக இருந்தது.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அங்கிள் யாருக்கோ தகவல் கொடுக்கிறார், நோட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறது, ஜாக்கிரதை. இரட்டையர்களின் அம்மா வேறு கார் ஏற்பாடு செய்தார். நேரம் பார்க்கிற வேலையை இன்னொருவரிடம் கொடுத்தார்கள். அவர் எந்த விளக்கமும் கேட்கவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் காரை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுப் போனார். மூன்றாவது சனிக்கிழமை வரவில்லை. டவுன்ஷிப்பிலிருந்து மறுபடி கடிதமும் வரவில்லை. அதற்கும் அப்பா அவரைத்தான் சந்தேகித்தார். "அமைதியா இருக்காங்கன்னா பெருசா ஏதோ ரெடி பண்றாங்க," என்றார்.

அவருடைய உடலைப் பார்க்க வெள்ளிக்கிழமை அம்மா மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவிடம் பல் டாக்டர் என்று சொன்னோம். சுவிட்சர்லாந்திலிருந்து அவருடைய தங்கை சாந்தி ஆன்ட்டி வந்திருந்தார். வந்தவர்கள் குறைவு. அம்மா யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது, நான் சாந்தி ஆன்ட்டியிடம் போனை நீட்டினேன். வெட்டாத படம் இன்னும் என்னிடம் இருந்தது. இது அங்கிளின் எழுத்து, என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். இந்தப் படம் உன்னிடம் எப்படி என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஸ்ரீதர். பயம். பிறகு அடைப்புக்குள்ளை கோபம் எண்டு போட்டிருக்கிறான். ஓம், அண்ணா இப்பிடித்தான். முடிவாத் தெரியாததை அடைப்புக்குள்ளை போடுவான்." அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "டவுன்ஷிப்பிலை ஒரு ஒபிசருக்கு நல்லாப் பேசினானாம்."

"அவரோட பேசினாரா? எங்களப் பத்தியா?"

"இல்லைப் பிள்ளை. பேசினது. ஏசினது. நீங்கள் திட்டுறது எண்டு சொல்லுவியள் எல்லோ? அம்மா எனக்குப் பேசினா அண்ணாதான் வந்து சமாதானம் சொல்லுவான். ஆனா தான் பேசினதா அவன் ஒருநாளும் எழுதினதில்லை. ஏன் இப்பிடி ஏசினவன்?"

அவர் வாசலில் மூச்சு வாங்க நின்றது நினைவுக்கு வந்தது. தெரிய வேண்டாம் என்றவர் அப்பாவிடமே வந்து சொன்னதும் இதற்காகத்தான். எங்களுக்காக ஒரு அதிகாரியைத் திட்டிவிட்டு, இனிமேல் கடிதம் ஒன்றும் வராது, பயப்படாதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறார். முப்பது வருடம் இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு சொல்லும் சிந்தாமல் காகிதம் கொண்டுபோனவர், ஒரு தமிழ் வீட்டு வாசலில் ஒரு தமிழ்ச் சொல்லில் வழுக்கிவிட்டார்.

சாந்தி ஆன்ட்டி கடைசி வரியைப் படித்தார். "அந்த ஒபிசர் ஒரு பள்ளிக்கூட வெப்சைட்டின்ரை பிரிண்டைக் காட்டினவனாம். செய்தது, அடைப்புக்குள்ளை, பிள்ளை. தகப்பனுக்குத் தெரியாது." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஆர் இந்தப் பிள்ளை?"

"தெரியாது ஆன்ட்டி," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணாவைப் போலவே அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ரத்தினம் அங்கிள் மிக நல்லவர் என்று எழுதி முடித்தால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. என்னால்தான் கடிதம் வந்தது என்று ஊகித்திருந்தும், பழி தன் மேல் விழுந்தபோது அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஒரு சொல் சொல்லியிருந்தால் எட்டு மாதம் தனியாக இருந்திருக்க வேண்டாம். என்னைக் காப்பாற்றினாரா? இல்லை, எல்லாச் சீட்டையும் மேசையில் வைக்காத பழைய பழக்கமா? இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டு முன்னால் காரில் காத்திருந்தது எனக்காகவா, நான் வந்து சொல்வேனா என்று பார்க்கவா? மற்ற வீடுகளைப் பற்றி அந்த நோட்டுகளில் என்னென்ன இருக்கிறது? எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டிருக்கலாம். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அடைப்புக்குறிகளைத்தான். [அவர் என்னைக் காப்பாற்றினார்] என்ற வரியை அதற்குள்ளேயே வைக்கிறேன். அது எத்தனை வருடம் வேண்டுமானாலும் அங்கே இருக்கட்டும், அழிக்கமாட்டேன்.

இந்த நோட்டில் முதல் பக்கத்தில் இன்னொரு வரியையும் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்தேன். காலையில் அப்பா காபி குடிக்கும் மேசையில் நோட்டைத் திறந்து வைக்கப் போகிறேன். அவர் படித்த பிறகுதான் இது மாலதி ஆன்ட்டியிடம் போகும். அம்மாவைப் பற்றிய வரிகளை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன். விசாவைப் பற்றிய வரிகளையும் எடுத்துவிடுவேன். இந்த ஒரு வரியை மட்டும் எடுக்கமாட்டேன். இப்போதுதான் அதன் இரண்டு பக்கக் குறிகளையும் ரப்பரால் அழித்தேன்.

அந்தக் கடிதம் வந்தது என்னால். ரத்தினம் அங்கிளால் இல்லை.